இளையோர் உளச்சோர்வும் ஆராய்ச்சியாளர் கடமையும்: 329ஆம் ஆய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

குழந்தைக்கு உளச்சோர்வு என்னும் நோய் உண்டாகும் என்பதை மேனாட்டு மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. துயருறுதல் வேறு, உளச்சோர்வாகிய நோய் வேறு. பின்னையது முதிர்ந்த உள்ளத்துக்கே உரியது. தன்னைத் தானே குற்றஞ்சாட்டும் மனச்சான்று முற்றாக உருவாகாத பிள்ளையிடத்து அது தோன்றாது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உளப்பகுப்பாய்வாளர் பலரின் கொள்கையாயிருந்தது. 1946ஆம் ஆண்டில் இறெனே ஸ்பிற்ஸ் என்னும் அறிஞர், தாயைப் பிரிந்த கைக்குழந்தைகளிடத்து முதலில் அழுகையும், பின்னர் அழுகையும் ஓய்ந்த வெறித்த பார்வையும், உணவை வெறுத்தலும், உறக்கமின்மையும் தோன்றுவதைக் கண்டு எழுதினார். அக்குழந்தைகளைத் திரைப்படமாகப் பிடித்து மறுவருடம் வெளியிட்டார். அவர் காட்டிய உண்மை, குழந்தைகளை வளர்க்கும் இல்லங்களின் நடைமுறை திருந்துவதற்கு உதவியது மெய்யே. எனினும், நலிந்துகொண்டிருக்கும் குழந்தையின் முன்னே நின்று அதன் எடையையும் வளர்ச்சியையும் குறித்துக்கொண்டிருப்பவனுக்குக் குறித்தலுக்கு மேலும் ஒரு கடமை உண்டோ என்னும் வினா அப்படத்தைப் பார்ப்போர் உள்ளத்தில் எழாமற் போகாது. அவ்வினாவே பிற்காலத்தில் வேறு வேறு உருக்களில் மீண்டும் மீண்டும் எழுந்தது.

1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, வளர்ந்தோரின் உளச்சோர்வை அறிதற்குரிய குறிகளைக் கொண்டே பிள்ளைகளின் உளச்சோர்வையும் அறியலாம் என வகுத்தது. நோய் ஒப்புக்கொள்ளப்பட்டதும் மருந்து தேடப்பட்டது. மருந்து தேடுவோர் பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு உட்படுத்தவேண்டியவராயினர்.

இவ்விடத்து ஓர் ஐயத்தை முதலிலே தீர்த்துக்கொள்ளல் நன்று. பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதே தகாது என்பார் உளர். அக்கொள்கை இரக்கத்திற் பிறந்ததாயினும் அதன் விளைவு இரக்கமற்றது. வளர்ந்தோரிடத்து மட்டும் சோதித்த மருந்தை அளவைக் குறைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது, சோதனையே ஆயினும் கணக்கு வைக்கப்படாத சோதனை. ஒவ்வொரு பிள்ளையிடத்தும் நிகழ்ந்த நன்மை தீமை அந்தந்த வைத்தியருடைய நினைவோடு அழிந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு அது பயன்படாது. 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் ஹரி ஷேர்க்கி இத்தகைய பிள்ளைகளை மருந்துலகின் அநாதைகள் என்னும் கருத்துப்பட அழைத்தது இதுபற்றியே. ஆகவே, ஆராயலாமா என்பதன்று வினா. ஆராய்பவன் ஆராயப்படும் பிள்ளைக்கு எவ்வெவற்றைக் கடன்பட்டிருக்கிறான் என்பதே வினா.

இக்கடனைச் சட்ட வடிவில் உரைக்க முயன்றோர் பலர். 1947ஆம் ஆண்டின் நியூரெம்பேர்க் நெறிக்கோவை, சோதனைக்கு உட்படுபவனின் தன்விருப்பான சம்மதமே முதற்கண் வேண்டப்படுவது என்றது. சம்மதம் அளிக்கும் சட்டத்தகுதி இல்லாத பிள்ளையைப் பற்றி அது பேசவில்லை. 1964ஆம் ஆண்டில் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. 1979ஆம் ஆண்டின் பெல்மொன்ற் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று அடிப்படைகளை வகுத்தது. 1983ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா பிள்ளைகளுக்கென்றே விதிகளை இயற்றியது. பெற்றோரின் அனுமதியும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும் என்பது அவற்றுள் தலையானது.

சம்மதம், இசைவு என்னும் இரு சொற்களும் தமிழில் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்குவனவாயினும் ஈண்டு வேறுபாடு கருதப்படும். சம்மதம் என்பது விளைவை அறிந்து, சட்டத்தின் கண்ணிற் பொறுப்பேற்று அளிப்பது. இசைவு என்பது, தனக்கு என்ன செய்யப்படப் போகிறது என்பதைத் தன் வயதுக்கேற்ற அளவில் அறிந்து, அதற்குப் பிள்ளை மனமிசைதல். பிள்ளை வாளா இருப்பதை இசைவாகக் கொள்ளலாகாது என்பதும் அவ்விதிகளிற் சொல்லப்பட்டுள்ளது. உளச்சோர்வைப் பொறுத்தவரை இது மிகக் கூர்மையான விதி. ஏனெனில், ஏனைய நோய்கள் உடலைத் தாக்கி விருப்பத்தை விட்டுவைப்பன. உளச்சோர்வோ விருப்பத்தையே தாக்குவது. எது நேர்ந்தாலென்ன என்னும் நிலையை அடைந்த பதினான்கு வயதுப் பிள்ளை, ஆபத்தை எடைபோட்டுப் பார்த்து ஆம் என்பதில்லை. எடைபோடும் மனமின்மையாலேயே ஆம் என்கிறது. பெரியோர் சொன்னதை மறுத்துப் பழகாத பிள்ளையாயின் அந்த ஆம் இன்னும் எளிதாக வரும். ஆதலின், பத்திரத்தில் ஒப்பம் பெற்றமையாலே கடன் தீர்ந்தது என ஆராய்ச்சியாளர் கருதுவாராயின், அவர் விதியைப் படித்தாரேயன்றி நோயைப் படித்தாரல்லர்.

இவற்றையெல்லாம் உரைகல்லாகக் கொண்டு உரைத்துப் பார்ப்பதற்கு 329ஆம் ஆய்வு எனப் பெயர்பெற்ற ஆராய்ச்சியினும் தக்கது பிறிதில்லை. சிமித்கிளைன் பீச்சம் என்னும் மருந்துக் கம்பனியின் பொருளுதவியுடன் 1994 முதல் 1998 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 நிலையங்களில் அது நடைபெற்றது. 12 முதல் 18 வரை வயதினரான, பெரும் உளச்சோர்வுற்ற 275 இளையோர் எழுமாற்றாக மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர். 93 பேருக்குப் பரொக்செற்றின் என்னும் புதிய மருந்தும், 95 பேருக்கு இமிப்பிரமின் என்னும் பழைய மருந்தும், 87 பேருக்கு மருந்துச்சத்து இல்லாத போலிமருந்தும் எட்டு வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. யார் எதை உண்கின்றனர் என்பது வைத்தியருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அமைப்பளவில் இதிற் குறைகூற அதிகமில்லை. போலிமருந்து கொடுத்தது கொடுமையன்றோ எனின், அந்நாளில் இப்பருவத்தினருக்கு உறுதியாகப் பயன்படும் மருந்து இன்னதென்று நிலைநாட்டப்படாமையால், ஒப்பிடுவதற்கு வேறு வழி இருந்ததில்லை. குற்றம் சோதனையில் அன்று, சோதனையைச் சொன்ன முறையிலே காணப்படுகிறது.

ஆய்வின் முடிபு 2001ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்கக் குழந்தை, கட்டிளமைப் பருவ உளமருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. முதலாசிரியராக மாட்டின் கெல்லரும் அவருடன் மற்றும் இருபத்தொருவரும் பெயர் கொடுத்திருந்தனர். பரொக்செற்றின் கட்டிளமைப் பருவத்தினரின் உளச்சோர்வுக்குப் பயனுள்ளது, பொதுவாகத் தாங்கத்தக்கது என்பது கட்டுரையின் துணிபு. துறைக்குள்ளே மதிப்புப் பெற்ற சஞ்சிகை. பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆசிரியர்கள். ஐயுறுவதற்கு இடமேது என்றே ஒரு சாதாரண வைத்தியர் எண்ணியிருப்பார்.

கட்டுரையின் உள்ளே புகுந்து நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். ஆய்வு தொடங்குமுன் வகுக்கப்பட்ட திட்டம், மருந்தின் பயனை அளக்கத் தலைமையான அளவுகள் இரண்டைக் குறித்திருந்தது. ஹமில்ற்றன் அளவுகோல் எனப்படும் உளச்சோர்வு அளவுகோலிற் பெறும் புள்ளி எவ்வளவு குறைகிறது என்பது ஒன்று. அப்புள்ளி பாதியாகக் குறைந்தவர், அன்றேல் எட்டு அல்லது அதற்குக் கீழ் இறங்கியவர் எத்துணைப் பேர் என்பது மற்றையது. இரண்டிலும் பரொக்செற்றினுக்கும் போலிமருந்துக்கும் இடையே புள்ளிவிபரவியல் ஏற்கத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாவது அளவின்படி நன்மையடைந்தோர் பரொக்செற்றின் கூட்டத்தில் நூற்றுக்கு 66.7, இமிப்பிரமின் கூட்டத்தில் 58.5, போலிமருந்துக் கூட்டத்தில் 55.2. மருந்தில்லாத மாத்திரையை உண்டவருட் பாதிக்கு மேற்பட்டோர் தேறினர் என்பதே இவ்வெண்களுள் சிந்திக்கத்தக்கது. இளையோர் உளச்சோர்வில் காலமும், கவனிப்பும், வாரந்தோறும் ஒருவர் அமர்ந்து கேட்பதும் எவ்வளவு செய்கின்றன என்பதை அது காட்டும். கட்டுரையாசிரியர் அதனைத் தம் ஆய்வின் பேறாகக் கருதியிருக்கலாம், கருதினாரல்லர்.

அவர் செய்தது வேறு. இரண்டாவது அளவில் அன்றேல் என இணைக்கப்பட்டிருந்த இரு கூற்றுக்களுள் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து, எட்டுக்குக் கீழ் இறங்கியவரை மட்டும் எண்ணினால் 63.3க்கு 46 என்ற வேறுபாடு தோன்றும். அது கட்டுரையின் முன்னணிக்கு வந்தது. திட்டத்திலிருந்த தலைமை அளவுகள் இரண்டு, துணை அளவுகள் ஆறு. இவ்வெட்டிலும் மருந்து போலிமருந்தை வெல்லவில்லை. மேலும் பத்தொன்பது அளவுகளேனும் பின்னர்ச் சோதித்துப் பார்க்கப்பட்டன என்றும், அறியப்பட்ட 27 அளவுகளுள் நான்கிலேயே மருந்து மேம்பட்டது என்றும், வழக்குகளில் வெளிப்பட்ட பத்திரங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர் காட்டினர். பரீட்சையில் 27 பாடங்களுக்குத் தோற்றி நான்கிற் சித்தியடைந்த மாணவன், அந்நான்கையும் பரீட்சை முடிந்தபின் தானே தன் சிறப்புப் பாடங்களாகத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றைச் சான்றிதழினின்று நீக்கிவிட்டால் ஆசிரியர் அவனை என்ன செய்வார்? ஒரு மாணவனுக்கு மன்னிக்கப்படாதது இருபத்திரண்டு அறிஞருக்கு மன்னிக்கப்பட்டது விந்தையே.

எண்களினும் சொற்களே இக்கட்டுரையில் மிகுதியாக ஆராயத்தக்கவை. பரொக்செற்றின் உண்ட 93 பேருள் 11 பேருக்குப் பாரதூரமான கேடுகள் விளைந்தன. போலிமருந்து உண்டோருள் இருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. பதினொருவருள் எழுவர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். இவையெல்லாம் கட்டுரையிலேயே உள்ளவை, மறைக்கப்பட்டனவல்ல. ஆயின் அக்கேடுகளுக்கு இடப்பட்ட பெயர்களை நோக்குக. தற்கொலை எண்ணமும் தற்கொலைச் செய்கையும் உணர்ச்சி நிலையின்மை என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்பட்டு, அவற்றின் உண்மைப் பெயர் அடைப்புக்குறிக்குள்ளே ஒதுக்கப்பட்டது. அவ்வாறு குறிக்கப்பட்டவர் ஐவர். அதற்கு மேலும், பதினொரு கேடுகளுள் ஒன்றே மருந்தால் விளைந்ததாக அந்தந்த நிலையத்து வைத்தியர் கருதினர் எனக் கூறப்பட்டுள்ளது. அந்த ஒன்று யாதெனின், தலைவலி.

உணர்ச்சி நிலையின்மை என்னும் தொடர் பொய்யன்று. அகராதிப்படி நோக்கின், இறக்க எண்ணும் பிள்ளையின் உணர்ச்சி நிலையற்றதுதான். ஆனால் தேர்வு முடிவு வரும் நாளில் சிரித்துக்கொண்டே அழும் பிள்ளையின் உணர்ச்சியும் நிலையற்றதுதான். இரண்டையும் ஒரு கூட்டினுள் அடைக்கும் சொல், வாசிப்பவன் எதை அஞ்சவேண்டுமோ அதை அவன் கண்ணினின்றும் அகற்றிவிடுகிறது. கலைச்சொல் ஆக்குவோர் பொருளைத் தெளிவாக்கவே சொல் ஆக்குவர். இங்கே பொருளை மழுக்குதற்குச் சொல் பயன்பட்டது. சொற்களின் ஆட்சியையே தம் தொழிலாகக் கொண்ட மொழி மாணவர்க்கு இதனைவிடச் சிறந்த பாடம் இலக்கியத்திலும் கிடைப்பதரிது. மருத்துவக் கட்டுரை ஒன்றை இலக்கியத் திறனாய்வாளன் தொடலாமா என்று கேட்போருக்கு, இக்கட்டுரையின் குற்றம் வேதியியலில் இல்லை, வாக்கியத்தில் உள்ளது என்பதே மறுமொழி.

அவ்வாக்கியங்களை எழுதியவர் யார் என்பதும் தெளிவற்றதாயிருந்தது. முதல் வரைவை ஆக்கியவர், கம்பனியிடம் ஊதியம் பெற்ற எழுத்து நிறுவனம் ஒன்றைச் சார்ந்தவர் என்பது வழக்குகளில் வெளிப்பட்ட பத்திரங்களால் அறியப்பட்டது. கட்டுரையிலோ அவர் பதிப்புதவி செய்தவராக மட்டுமே குறிக்கப்பட்டார். 1998ஆம் ஆண்டிலேயே கம்பனியின் உட்குறிப்பு ஒன்று, இவ்வாய்வின் முடிபுகள் அரசின் அங்கீகாரம் வேண்டுதற்கு வலிமை போதாதவை என்றும், வணிகத்துக்குக் கேடு நேராவண்ணம் அவற்றை வெளியிடும் வகையைக் கையாளவேண்டும் என்றும் கூறியது. அக்குறிப்பு 2004ஆம் ஆண்டில் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை வாயிலாக உலகறிய வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கட்டுரை விற்பனையாளர் கைகளிற் கொடுக்கப்பட்டு வைத்தியர்களைச் சென்றடைந்தது. 2002ஆம் ஆண்டில் மட்டும் ஐக்கிய அமெரிக்காவிற் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இம்மருந்து எழுதப்பட்ட துண்டுகள் இருபது இலட்சத்துக்கு மேல் என நியூ யோர்க் சட்டமா அதிபரின் வழக்குரை கூறியது.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என நாற்கூறாக வகுத்தார். மருந்து விற்பவன் அவ்வகுப்பில் இல்லை. அவன் இல்லாமல் இக்காலத்தில் மருந்தும் இல்லை என்பது உண்மையாகலாம். ஆயின் நால்வருக்கிடையே ஐந்தாமவனாகப் புகுந்தவன் நோயாளியின் பெயரால் பேசத் தொடங்கும்போது ஏனையோர் விழித்திருத்தல் வேண்டும். 329ஆம் ஆய்வில் ஏனையோர் விழித்திருந்தாரல்லர்.

முற்றாக உறங்கினர் என்பதும் பொருந்தாது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோன் யுறெய்டினி, ஆன் ரொன்கின் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் அச்சஞ்சிகைக்கே கடிதம் எழுதித் தலைமை அளவுகள் தோற்றமையைச் சுட்டினர். அவ்வாண்டு யூன் மாதத்திற் பிரித்தானிய அதிகாரிகள் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட உளச்சோர்வாளருக்குப் பரொக்செற்றின் கொடுத்தலாகாது என அறிவுறுத்தினர். 2004ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூ யோர்க் மாநிலச் சட்டமா அதிபர் எலியற் ஸ்பிற்சர், கிளாக்சோ சிமித்கிளைன் எனப் பெயர் மாறியிருந்த கம்பனிமீது மோசடி வழக்குத் தொடுத்தார். அது 25 இலட்சம் டொலரோடும், ஆய்வு முடிபுகளைப் பொதுவில் வெளியிடும் வாக்குறுதியோடும் இணக்கமாக முடிந்தது. 2012ஆம் ஆண்டில் அதே கம்பனி ஐக்கிய அமெரிக்க அரசுக்கு 300 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. அவ்வுடன்பாடு பல மருந்துகளைப் பற்றியது, பரொக்செற்றினை இளையோருக்கென அனுமதியின்றிப் பரப்பியமை அதில் ஒப்புக்கொள்ளப்பட்ட குற்றங்களுள் ஒன்று.

தண்டப்பணம் எவ்வளவு பெரிதாயினும், அது அரசுக்கும் கம்பனிக்கும் இடையிலான கணக்கு. ஆராயப்பட்ட 275 பிள்ளைகளுக்கும் ஆராய்ச்சியாளருக்கும் இடையிலான கணக்கு வேறு. ஆய்வுக்கு இசைந்த பிள்ளையிடமும் பெற்றோரிடமும் என்ன சொல்லப்படுகிறது? இதனால் உனக்கு நன்மை உண்டாகும் என்ற உறுதி இல்லை; ஆனால் உன்னைப்போன்ற ஏனைய பிள்ளைகளின் நோயைப் பற்றிய அறிவு வளரும் என்பதே. எட்டு வாரம் போலிமருந்து உண்ட 87 பேரும் அவ்வொரு வாக்கை நம்பியே உண்டனர். அவர்கள் தந்ததற்கு ஈடாக அவர்களுக்கு உரிமையானது அறிவு வளர்தல் ஒன்றுதான். முடிபைத் திரித்து வெளியிட்டபோது அந்த ஈடு மறுக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட இசைவு பின்னோக்கிப் பொய்யாக்கப்பட்டது. அறிந்து அளித்த சம்மதம் என்பது ஆய்வு தொடங்கும் நாளில் முடிந்துவிடும் ஒரு சடங்கு என்று கொள்வோர் இதனைக் காணமாட்டார். வெளியிடும் கடமை சம்மதத்தின் பகுதி. அதனை நெறிக்குழுக்கள் பத்திரம் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டமை அக்காலத்துப் பெருங்குறை. ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் பிற்காலத் திருத்தங்கள் எதிர்மறை முடிபுகளையும் வெளியிடவேண்டும் எனக் கட்டளையிட்டது இக்குறையை உணர்ந்தமையாலேயே.

இதனைப் படிப்போர் மருந்தனைத்தும் ஏமாற்று எனக் கொள்ளின் அதுவும் பிழையாகும். அமெரிக்கத் தேசிய உளநல நிறுவகத்தின் பொருளில் நடந்து 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 12 முதல் 17 வயது வரையான 439 இளையோரைக் கொண்டது. புளுவொக்செற்றின் என்னும் மருந்தோடு அறிகை நடத்தைச் சிகிச்சையும் பெற்றோருள் நூற்றுக்கு 71 பேரும், மருந்து மட்டும் பெற்றோருள் 60.6 பேரும், அச்சிகிச்சை மட்டும் பெற்றோருள் 43.2 பேரும், போலிமருந்து பெற்றோருள் 34.8 பேரும் பன்னிரண்டு வாரங்களில் தேறினர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், உளச்சோர்வு மருந்துகள் யாவற்றுக்கும் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைப் பணித்தது. 4,400க்கு மேற்பட்ட இளையோரைக் கொண்ட 24 ஆய்வுகளை ஒருங்கு நோக்கியதில், தற்கொலை எண்ணமோ செய்கையோ மருந்துண்டோரிடத்து நூற்றுக்கு 4 ஆகவும் போலிமருந்துண்டோரிடத்து 2 ஆகவும் காணப்பட்டமையே காரணம். அவ்வாய்வுகளில் இறந்தவர் எவருமிலர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். இரண்டு நான்காவது அச்சந்தருவது; நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரிடத்து அது நிகழவில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே ஒரு தாய்க்குச் சொல்லி அவள் முடிவு செய்யவிடுதல் அரிய காரியம். 329ஆம் ஆய்வின் ஆசிரியர் உள்ளதை உள்ளவாறு எழுதியிருப்பின் அக்காரியம் மூன்றாண்டு முன்பே தொடங்கியிருக்கும்.

தற்கொலை பற்றிப் பிள்ளையிடம் வினவுதல் அவ்வெண்ணத்தை ஊட்டிவிடும் என்னும் அச்சம் ஆசிரியரிடத்தும் பெற்றோரிடத்தும் வேரூன்றியது. நியூ யோர்க் மாநிலத்து ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவரைக் கொண்டு செய்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வினவப்பட்டோருக்கு வினவப்படாதோரைவிட மனவருத்தமோ அவ்வெண்ணமோ மிகவில்லை எனக் கண்டது. அதற்கு முன்னரே மனவருத்தமுற்றிருந்த பிள்ளைகளுக்கும் கேடு நேரவில்லை. ஆகவே, கேளாதிருத்தற்கு அச்சத்தைக் காரணங்காட்டல் இனி இயலாது. கேட்டபின் செய்யவேண்டியது யாது என்பதே அரியது. பாடசாலைகளில் வினாக்கொத்தை வகுப்பறையில் பரப்பிப் பெயர் எழுதவேண்டா எனச் சொல்லி விடைகளை ஒரு மாதங்கழித்து எண்ணுவது எளிய முறை; பிள்ளையும் அஞ்சாது உண்மை எழுதும். ஆனால் இறக்க விரும்புகிறேன் என்னும் விடைக்கு எதிரே அடையாளமிட்ட தாள் ஒன்று அக்கட்டினுள் இருக்குமாயின், அதனை எழுதிய கை எது என்பதை எவரும் அறியார். பெயரின்மை அவ்விடத்துப் பிள்ளைக்குக் காவலாகாது, ஆராய்ச்சியாளனுக்கே காவலாகும். பெயர் பெறுவதாயின், எந்த விடை எழுதப்பட்டால் யாருக்கு அறிவிக்கப்படும் என்பதைப் பிள்ளைக்கு முன்னரே சொல்லவேண்டும்; விடைத்தாள் அன்றன்றே பார்க்கப்படவேண்டும்; உதவத்தக்கவர் அருகே இருக்கவேண்டும். இவை இயலாத இடத்து அவ்வினாவைக் கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. பட்டத்துக்காக வினாக்கொத்துப் பரப்பும் இளம் ஆராய்ச்சியாளர் இதனைச் செலவு எனக் கருதுவர். ஆய்வின் பகுதி எனக் கருதுவோர் சிலரே.

329ஆம் ஆய்வின் வரலாறு 2015ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஒரு புதிய நிலையை அடைந்தது. கைவிடப்பட்ட, திரிக்கப்பட்ட ஆய்வுகளை மீட்டெழுதும் முயற்சியின் ஓர் அங்கமாக, ஜோவன்னா லெ நூரி, டேவிட் ஹீலி, முன்னர்க் கடிதமெழுதிய யுறெய்டினி ஆகியோர் உட்பட எழுவர் அதன் மூலப்பத்திரங்களை ஆராய்ந்து, முதற்றிட்டம் கூறியவாறே அளந்து, பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் மறுஆய்வு வெளியிட்டனர். ஹமில்ற்றன் புள்ளி பரொக்செற்றினால் 10.7, இமிப்பிரமினால் 9.0, போலிமருந்தால் 9.1 குறைந்தது, வேறுபாடு தற்செயலாக நிகழக்கூடியதே. தற்கொலை எண்ணமோ செய்கையோ காணப்பட்டவர் பரொக்செற்றின் கூட்டத்தில் ஐவரல்லர், பதினொருவர். போலிமருந்துக் கூட்டத்தில் ஒருவர் அல்லது இருவர். கட்டுரை வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. முதற்கட்டுரை அப்போதும் மீளப்பெறப்பட்டிருக்கவில்லை.

மறுஆய்வும் குறையற்றதன்று. அதனை எழுதியோருட் சிலர் மருந்துக் கம்பனிகளுக்கு எதிரான வழக்குகளில் நிபுணராக நின்றவர். முன்னரே ஒரு பக்கம் சாய்ந்தவர் என எதிர்த்தரப்பார் கூறுவதற்கு அது இடமாயிற்று. அவர்களோ அத்தொடர்பை மறையாது தாமே எழுதினர். எந்தச் சொல்லை எவ்வாறு வகைப்படுத்தினர் என்பதைப் பிறர் சோதிக்கத்தக்கவாறு வெளியிட்டனர். முதற்கட்டுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவர்கள் நடுநிலையாளர், அவர்கள் அல்லர் என்பதன்று. இவர்கள் பிழைத்தால் கண்டுபிடிக்கலாம் என்பதே.

பிள்ளைகளைப் பற்றிய தனித்தனிப் பதிவேடுகள் ஏறக்குறைய 77,000 பக்கங்கள். கம்பனி அவற்றைக் கையிற் கொடுக்கவில்லை. கணினித் திரையினூடாகப் பக்கம் பக்கமாகப் பார்க்கமட்டும் இடமளித்தது. அம்முறையில் அவ்வெழுவரால் 93 பிள்ளைகளின் பதிவேடுகளையே சரிபார்க்க இயன்றது. பரொக்செற்றின் கூட்டத்தின் தொகையும் 93 என்பது தற்செயல். இவர்கள் மூன்று கூட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவர், பெரும்பாலும் ஆய்வினின்று இடையில் விலகியோரும் பாரதூரமான கேடுற்றோரும். எஞ்சிய 182 பிள்ளைகள் அவ்வெட்டு வாரங்களில் தம் வைத்தியரிடம் சொன்னவை அவர்களாற் சரிபார்க்கப்படாமலே எஞ்சின.